சைக்கிள பூட்டுனா மட்டும் பத்தாது, எதோடயாவது சேத்து கட்டுங்க

நம்ம தர்மபுரி பக்கம் கிராமத்துல இருந்து மெயின் ரோடு வரைக்கும் சைக்கிள், அங்க இருந்து பஸ்ஸு, இப்படித்தான் நெறைய புள்ளைங்க ஸ்கூலுக்கும் காலேஜுக்கும் போகுது. காலைல எட்டு மணிக்கு ஸ்டாப்புல புளியமரத்தடில நிறுத்திட்டு போனா சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல தான் வந்து எடுக்குறாங்க, அது வரைக்கும் அந்த வண்டிக்கு ஆள் யாரும் இல்ல. என் பொண்ணு சைக்கிள் அப்படித்தான் போச்சு, பாலக்கோடு ரோட்டுல. பிளஸ் ஒன்ல கவர்மெண்ட் குடுத்தது, பூட்டித்தான் வச்சிட்டு போயிருக்கா. சாவி அவ பைல இருக்கு, வண்டி இல்ல. ரெண்டு கிலோமீட்டர் அழுதுகிட்டே நடந்து வந்தா, அந்த சாவி இன்னும் எங்க வீட்டு ஆணில தான் தொங்குது.

அப்புறம் தான் எனக்கு உறைச்சுது, சைக்கிளோட வர்ற பூட்டு இருக்கு பாருங்க, பின்சக்கரத்துல போக்ஸ் கம்பிக்கு நடுவுல ஒரு கம்பி போய் மாட்டுமே, அது சக்கரம் சுத்தாம தான் தடுக்கும், வண்டிய தூக்கிட்டு போறத தடுக்காது. கேரியர புடிச்சு பின்னாடி தூக்கிட்டா முன்சக்கரத்துலயே உருட்டிட்டு போயிடலாம். அதனால அந்த பூட்டையும் போடுங்க, கூடவே ஒரு செயின் பூட்டு வாங்கி நகராத ஒரு பொருளோட சேத்து கட்டுங்க. செயின் சக்கரத்துக்குள்ளயும் போகணும், பிரேமுக்குள்ளயும் போகணும், கம்பத்தையும் சுத்தி வரணும், மூணும் சேரணும். முன்சக்கரத்துல மட்டும் போட்டா சக்கரத்த கழட்டி போட்டுட்டு மீதிய எடுத்துட்டு போயிடுவாங்க, அதுவும் கியர் சைக்கிள்ல கையாலயே கழட்டுற லீவர் வருது, ஸ்பேனரே வேண்டாம்.

கம்பத்தையும் ஒரு தடவ ஆட்டி பாருங்க. மேல தகடு இல்லாத குட்டையான கம்பம்னா வண்டியோட சேத்து மேல உருவி எடுத்துடலாம், சின்ன மரக்கன்னும் வேண்டாம்.

பூட்டு வாங்கும்போது மெல்லிசா பிளாஸ்டிக் சுத்துன வயர் பூட்ட நம்பாதீங்க, உள்ள இருக்கறது பின்னல் கம்பி தான், நல்ல கட்டிங் பிளேயருக்கே அறுந்துடும். கனமான செயின், இல்லனா யூ லாக், அதாவது U மாதிரி வளைஞ்ச கெட்டி இரும்பு பூட்டு வாங்குங்க. மூணு நம்பர் பூட்டுல மொத்தமே 1,000 விதம் தான், அதுலயும் நம்ம புள்ளைங்க அவசரத்துல கடைசி நம்பர மட்டும் லேசா திருப்பி விட்டுட்டு ஓடுதுங்க, மூணையும் கலைக்க சொல்லுங்க. பூட்டு தரைல கிடக்க கூடாது, தரைல வச்சு சுத்தியால அடிக்க வசதியா போயிடும். செயின இழுத்து இறுக்கமா மேல கட்டி, சாவி ஓட்டை கீழ பாத்த மாதிரி விடுங்க, மழத்தண்ணியும் இறங்காது.

அடுத்தது அடையாளம், இதுல தான் நாங்க ரொம்ப ஏமாந்தோம். ஸ்கூல் ஸ்டாண்டுல ஒரே கலர்ல அத்தன கவர்மெண்ட் சைக்கிள் நிக்குது, எது நம்மளுதுனு எப்படி சொல்றது? வண்டிய தலகீழா கவுத்துங்க, பெடல் அச்சு போற குழாய்க்கு அடில நம்பர் குத்தியிருக்கும், மண்ணு ஒட்டியிருந்தா மண்ணெண்ணெய் துணியால தொடச்சா தெரியும். அத போட்டோ எடுத்து வீட்டுல ரெண்டு பேரு வாட்ஸப்புக்கு அனுப்பி வைங்க, பில்லையும் சேத்து. இப்ப வாங்குன வண்டில சீட்ட உருவி அந்த குழாய்க்குள்ள பேரு, போன் நம்பர் எழுதுன பேப்பர பிளாஸ்டிக் கவர்ல சுருட்டி கீழ இருந்து சொருகி துணி அடைச்சிருக்கேன், பொண்ணு அவ பங்குக்கு செயின் கவர் உள்பக்கம் நெயில் பாலிஷ்ல ஒரு பூ போட்டு வச்சிருக்கா. பெயிண்ட் மாத்துனாலும் நம்ம வண்டினு காட்ட இது போதும்.

நிறுத்துற இடம்னு பாத்தா டீக்கடைக்கு நேர் எதிர்ல, கடைக்காரர் கண்ணு படுற மாதிரி நிறுத்தி "அண்ணா கொஞ்சம் பாத்துக்கோங்க"னு தினமும் ஒரு வார்த்த சொல்லிட்டு போக சொல்லுங்க. தர்மபுரி டவுனுக்கோ கிருஷ்ணகிரிக்கோ வண்டியிலயே போறவங்க பஸ் ஸ்டாண்டு பக்கம் டோக்கன் குடுக்குற ஸ்டாண்டுலயே விடுங்க, அந்த காச மிச்சம் பண்ண பாக்காதீங்க. ஓசூர் சிப்காட் பக்கம் லைன் வீட்டுல இருக்கறவங்க ராத்திரி ஜன்னல் கிரில்லோட சேத்து கட்டுங்க, வாசல்ல சும்மா விடாதீங்க.

அப்படியும் போயிடுச்சுன்னா அன்னைக்கே ஸ்டேஷனுக்கு போங்க. 2024 ஜூலை 1ல இருந்து திருட்டுக்கு, பழைய ஐபிசிக்கு பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதாங்கற சட்டத்தோட 303வது பிரிவு தான். 5,000 ரூபாய்க்கு கம்மியான பொருள்னா போலீஸ் தானா எஃப்ஐஆர் போட்டு விசாரிக்கற வகைல வராது, மாஜிஸ்திரேட் உத்தரவு வேணும், அதனால தான் வண்டி விலைய காட்ட பில்லு முக்கியம்னு சொல்றேன். வீட்டுக்குள்ள இருந்து போயிருந்தா 305வது பிரிவு, அதுக்கு இந்த 5,000 ரூபாய் கணக்கு கிடையாது, அதனால எங்க இருந்து போச்சுனு தெளிவா எழுதி குடுங்க. எது எப்படியோ புகார் வாங்குனதுக்கு ஸ்டேஷன்ல குடுக்குற சிஎஸ்ஆர் ரசீது வாங்காம வெளிய வராதீங்க. அப்படியே போட்டோவ எடுத்துட்டு பழைய சைக்கிள் கடை, பழைய இரும்பு கடைனு ஒரு சுத்து வாங்க, நாங்க நாலு நாள் கழிச்சு போனோம், லேட்டு.

பழைய சைக்கிள் வாங்க போறவங்களும் மொதல்ல கவுத்து அந்த நம்பர பாருங்க, அரம் போட்டு தேய்ச்சிருந்தா எவ்வளவு கம்மியா சொன்னாலும் வாங்காதீங்க, அது எங்கயோ ஒரு புள்ள நடந்து வீட்டுக்கு போன வண்டி.