என்ஃபிலைப் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்த ஒரு வழி

சனிக்கிழமை ஓவிய வகுப்பில் பிரேசில் கார்ட்டூனிஸ்ட் என்ஃபிலைப் பற்றி முதல்முறை பேசியபோது, 1944-இல் பிறந்தார் என்று ஆரம்பித்தேன். பிள்ளைகள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்போதெல்லாம் பேனாவிலிருந்துதான் ஆரம்பிக்கிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

பென்சில், ரப்பர் இரண்டையும் பிள்ளைகளிடமிருந்து வாங்கி வைத்துவிடுங்கள். தடித்த கறுப்பு மார்க்கர் போதும். பெரிதாக ஓர் ஆச்சரியக்குறி போடச் சொல்லுங்கள். அதுதான் என்ஃபிலின் கார்ட்டூன்களில் வரும் கிராஊனா என்ற கரும்பறவையின் உடம்பு. உருண்டைக் கண், அலகு, குச்சிக் கால். பின்னால் ஒரு கள்ளிச்செடி, கொளுத்தும் சூரியன். வறண்ட வடகிழக்கு பிரேசிலின் முட்காட்டில் பசியோடு வாழும் பறவை அது. கூடவே புத்தகம் தின்னும் ஓர் ஆடும் உண்டு; என் வகுப்பில் எல்லோருக்கும் அந்த ஆட்டைத்தான் பிடிக்கும்.

கோடு நடுங்கினால் திருத்த விடாதீர்கள். என்ஃபிலுக்கு ஹீமோஃபிலியா. ரத்தம் லேசில் உறையாது. மூட்டுக்குள் கசிந்தால் வலி உயிரை எடுக்கும். அந்த உடம்போடுதான் பத்திரிகைகளுக்கு ஓயாமல் வரைந்தார்.

அப்புறம் கதைக்கு வாருங்கள். 1964-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 1969-இல் ரியோவில் ‘பஸ்கிம்’ வார இதழ் தொடங்கியது. 1970 நவம்பரில் அதன் ஆசிரியர் குழுவில் பெரும்பாலோரைச் சிறையில் அடைத்தார்கள். பிடிபடாத சிலரில் என்ஃபிலும் ஒருவர். அவர்கள் இதழை நிற்கவிடவில்லை. கைது என்று அச்சிட முடியாது. அதனால் ஆசிரியர் குழுவுக்கு ஃப்ளூ காய்ச்சல் என்று போட்டார்கள். வாசகர்களுக்குப் புரிந்துவிட்டது!

இந்த இடத்தில் ஒரு பயிற்சி கொடுங்கள். வீட்டிலோ தெருவிலோ உள்ள ஒரு குறையை ஒரே வரியில் எழுதச் சொல்லி, அதன் முக்கியச் சொல்லை அடித்துவிடுங்கள். அந்தச் சொல் இல்லாமல் அதையே சொல்ல வேண்டும். ‘தண்ணீர் வரவில்லை’ என்று எழுதிய சிறுமி ஒருத்தி ‘எங்கள் குழாய் மௌனவிரதம்’ என்று மாற்றினாள். தணிக்கை என்றால் என்ன என்று அதற்குமேல் நான் விளக்கவில்லை.

பெரிய பிள்ளைகளிடம் முடிவையும் மறைக்காதீர்கள். ஏற்றிய ரத்தத்தின் வழியாக என்ஃபிலுக்கும் அவருடைய இரண்டு சகோதரர்களுக்கும் எச்.ஐ.வி. தொற்றியது. 1988 ஜனவரியில், 43 வயதில் இறந்தார். ஜனாதிபதியை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று 1984-இல் நாடே தெருவில் இறங்கியபோது அவரும் அதற்காகப் பாடுபட்டவர். அந்தத் தேர்தல் 1989 இறுதியில்தான் நடந்தது. இதைச் சொல்லும்போது ஒவ்வொரு முறையும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

கடைசி அரை மணி நேரம் கடிதத்துக்கு. நாட்டு நடப்பை அம்மாவுக்குக் கடிதமாக எழுதி, அதைப் பத்திரிகையில் வெளியிட்டவர் என்ஃபில். நாடுகடந்து வாழ்ந்த அண்ணன் எப்போது திரும்புவார் என்று காத்திருந்த அம்மா அவர். 1979-இல் பொதுமன்னிப்புச் சட்டம் வந்த பிறகே அண்ணன் ஊர் திரும்பினார். பிள்ளைகளும் இந்த வாரம் பார்த்த ஓர் அநியாயத்தை அவரவர் அம்மாவுக்கு எழுதட்டும். ஓரத்தில் கிராஊனாவை வரையட்டும். நீங்கள் வாங்கிப் படிக்க வேண்டாம். மடித்து வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள்.