சாளைக்கு மண்ணடிக் காற்று: 6 இன்ச் குழாய் பதிக்கும் முறை

வெளிக்காற்றை மண்ணுக்கடியில் பதித்த குழாய் வழியாக ஃபேனால் தள்ளினால், சூடு தணிந்து சாளைக்குள் (தோட்டத்து வீட்டுக்குள்) வரும். இதற்கு முதலில் மண்ணின் சூட்டைப் பாருங்கள். 10 அடி ஆழத்து மண் வருஷம் முழுக்க அந்த ஊரின் சராசரி வெப்பத்தை ஒட்டியே இருக்கும். கோவைப் பக்கம் 27 டிகிரி என்றால், ஈரோடு, கரூர்ப் பக்கம் ஒன்றிரண்டு கூடும். பொட்டல் காடு இன்னும் சுடும். தண்ணீர் பாயும் வாழைத் தோட்டத்தோரம் குறையும். சித்திரையில் அந்த ஆழத்துக்கு 2 இன்ச் துளை போட்டு, நூலில் தெர்மாமீட்டர் கட்டி இறக்கி, வாயைச் சாக்கால் அடைத்து ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் சட்டென்று இழுத்துப் பாருங்கள். 30ஐத் தாண்டினால் அந்த இடம் வேண்டாம். 4, 5 அடியிலேயே சுக்காம்பாறை தட்டினாலும் வேண்டாம். பாறை உடைக்கிற செலவுக்கு இது ஈடாகாது.

10க்கு 12 அறைக்கு 100 அடி பிவிசி போதும். 20 அடிக் குழாய் 5. காற்று வினாடிக்கு 3 மீட்டர் ஓடினால் மணிக்குச் சுமார் 190 கன மீட்டர் வரும். வெளியே 38 என்றால் அறைக்குள் நுழையும் காற்று 31ஆக இறங்கும். ஆனால் கணக்குப் போட்டால் இந்தக் குளிர்ச்சி ஒரு டன் ஏசியில் எட்டில் ஒரு பங்குதான். வெயிலில் காயும் தார்சு (மொட்டை மாடித் தளம்) அதை அப்படியே விழுங்கிவிடும். அதனால் முதலில் தார்சுக்குச் சுண்ணாம்பு அடியுங்கள்.

குழியை ஜேசிபியில் எடுங்கள். வீட்டுப் பக்கமிருந்து, காற்று நுழையும் வெளிவாய்ப் பக்கம் 100 அடிக்கு 1 அடி வாட்டம் வேண்டும். டியூப் லெவலில் (தண்ணீர் நிரப்பிய டியூபில் மட்டம் பார்ப்பது) சரிபாருங்கள். 10 அடிக் குழிக்குள் ஆளை இறக்கவே கூடாது, கரிசல் சொல்லிக்கொண்டு சரியாது. குழாயை மேலேயே ஒட்டி, ஒரு நாள் காயவிட்டு, கயிறு போட்டு எல்லோரும் ஒருசேர இறக்குங்கள். வளைவுக்கு ஒரு 90 டிகிரி பெண்டுக்குப் பதில் இரண்டு 45 போடுங்கள்.

மூடும் முன் குழாயில் தண்ணீர் நிரப்பி ஒரு நாள் வையுங்கள். இரண்டு முனையிலும் மேலேறும் நிமிர்ந்த குழாய்களையும் சேர்த்து 650 லிட்டர் பிடிக்கும். மட்டம் இறங்கினால் ஜாயிண்ட் ஒழுகுகிறது. குழாய்க்குள் காற்று வியர்த்துத் தண்ணீர் நிற்கும் என்று பயப்படுவார்கள். 27 டிகிரி மண்ணில் அது அபூர்வம். உள்ளே நிற்பது பெரும்பாலும் ஐப்பசி மழையில் ஜாயிண்ட் வழியாக இறங்கியதுதான். வாசனை அடிக்க அதுதான் காரணம். வெளிவாய் அடியில் ஒரு டீ (T வடிவ இணைப்பு) போட்டு 2 அடிக் குழாயை மூடியோடு கீழே விட்டால், சேர்ந்த தண்ணீரைச் சின்ன மோட்டாரில் எடுத்துவிடலாம்.

பலரும் தவறுவது மண் மூடுவதில். காய்ந்த எம்-சாண்டைக் கொட்டினால் குழாய்க்குப் போர்வை போர்த்திய மாதிரி. மண்ணின் குளிர்ச்சி ஒட்டாது. கரிசலும் காய்ந்தால் வெடித்து விலகிவிடும். சலித்த செம்மண்ணை அரை அடி அரை அடியாகக் கொட்டி, தண்ணீர் விட்டு அமரவையுங்கள். பிறகு குளியலறைத் தண்ணீரை அந்தத் தடத்தின் மேல் திருப்பிவிடுங்கள். பக்கத்தில் இரண்டாவது குழாய் போடுவதானால் 5 அடி தள்ளிப் போடுங்கள்.

வெளிவாய் தரைக்கு 5 அடி மேலே, வேப்ப நிழலில், மாட்டுக் கட்டுத்தரைக்கும் கோழிப் பண்ணைக்கும் எட்டத்தில் இருக்கட்டும், கொசுவலை கட்டாயம். ஃபேனையும் அங்கேயே வைத்து உள்ளே தள்ளுங்கள். வீட்டுப் பக்கம் வைத்து இழுத்தால் ஒழுகும் ஜாயிண்ட் வழியாக மண் வாடையையும் சேர்த்து இழுக்கும், மோட்டார் சூடும் அறைக்கே வரும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றைப் பிடிக்க வாயை மேற்கே திருப்பலாம்; ஆனால் வாயில் தூசிக்காக வைக்கும் ஸ்பாஞ்சை வாரம் ஒருமுறை கழுவ வேண்டும்.

எதிர்ச் சுவரில் உயரத்தில் வென்டிலேட்டர் இல்லாவிட்டால் எதுவும் நடக்காது. சூடான காற்று வெளியேறினால்தான் புதுக் காற்று நுழையும்.

மதியம் குளிர்ச்சியாக வந்த காற்று சாயங்காலம் ஒன்றிரண்டு டிகிரி கூடி வந்தால் பழுதல்ல, குழாயை ஒட்டிய மண் சூடேறியிருக்கிறது. ராத்திரி வெளிக்காற்று குளிர்ந்ததும் ஜன்னல்களைத் திறந்து வைத்து விடிய விடிய ஃபேனை ஓட்டுங்கள், மண் பழைய நிலைக்கு இறங்கும்.