செய்தியாளர் எழுதுகிறார், தொகுப்பாளர் படிக்கிறார்: உள்ளூர் பொது வானொலிச் செய்தியைத் தயாரிக்கும் முறை

உள்ளூர் பொது வானொலியின் காலை நிகழ்ச்சியில், ஒரு செய்தித் தொகுப்புக்கு முன்னால் தொகுப்பாளர் படிக்கும் 20 அல்லது 30 விநாடி முன்னுரையைப் பெரும்பாலும் அவர் எழுதுவதில்லை. அந்தத் தொகுப்பைத் தயாரித்த செய்தியாளர்தான் எழுதுகிறார். புதிதாக இந்த வேலைக்கு வருபவர்கள் தங்கள் குரலில் பதிவாகும் நான்கு நிமிடத்துக்கு முழு உழைப்பையும் செலவிட்டுவிட்டு, முன்னுரையைக் கடைசி ஐந்து நிமிடத்தில் அவசரமாக எழுதிக் கொடுக்கிறார்கள். நேயர் வானொலியை அணைப்பதா, தொடர்ந்து கேட்பதா என்று முடிவு செய்வது அந்த முன்னுரையில்தான் என்பதால், ஒரு செய்தி பிழைப்பதும் சாவதும் இந்தக் கைமாற்றத்தைப் பொறுத்தது என்பது என் கருத்து. அமெரிக்க உள்ளூர் நிலையங்களின் நடைமுறையை ஒட்டியே இங்கு எழுதுகிறேன். தமிழில் வானொலிச் செய்தி எழுதுபவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டியவற்றை ஆங்காங்கே சேர்த்திருக்கிறேன்.

முதலில் நிலையத்தின் அமைப்பைப் புரிந்துகொள்ளுங்கள். 1967-ஆம் ஆண்டின் பொது ஒலிபரப்புச் சட்டத்தைத் தொடர்ந்து 1970-இல் நிறுவப்பட்ட என்.பி.ஆர். (அமெரிக்காவின் தேசியப் பொது வானொலி), 1971 மே 3 அன்று 'ஆல் திங்ஸ் கன்சிடர்ட்' என்ற மாலை நிகழ்ச்சியையும் 1979-இல் 'மார்னிங் எடிஷன்' என்ற காலை நிகழ்ச்சியையும் தொடங்கியது. நாடெங்கும் உள்ள உறுப்பு நிலையங்கள் இவற்றை வாங்கி ஒலிபரப்புகின்றன. ஆனால் அவை என்.பி.ஆரின் கிளைகள் அல்ல, தனித்தனி உரிமம் பெற்ற நிலையங்கள். தேசிய நிகழ்ச்சியின் ஒவ்வொரு மணி நேரத்திலும் உள்ளூருக்கென்று இடைவெளிகள் விடப்பட்டிருக்கும். அந்த இடைவெளிகளில் பேசுபவர்தான் உள்ளூர்த் தொகுப்பாளர். சிறிய செய்தியறையில் ஒரு செய்தி இயக்குநரும் சில செய்தியாளர்களும் மட்டுமே இருப்பார்கள் என்பதால், காலைத் தொகுப்பாளர் விடிவதற்கு முன்பே வந்து, செய்தி அறிக்கையை எழுதி, திருத்தி, வாசித்து, கட்டுப்பாட்டு மேசையையும் தானே இயக்குவார். அவர் கைக்குப் போகும் தாள் எவ்வளவு தெளிவாக இருக்கிறதோ, அவ்வளவுக்குத்தான் உங்கள் செய்தியும் தெளிவாக ஒலிக்கும்.

வடிவத்தைத் தேர்ந்தெடுத்தல்

ஒரு செய்தி எந்த வடிவில் போக வேண்டும் என்பதை அதன் முக்கியத்துவத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். உங்களிடம் என்ன ஒலி இருக்கிறது என்பதையும் பாருங்கள். தொகுப்பாளரே படிக்கும் குறுஞ்செய்தி 30 விநாடிக்குள் முடியும். செய்தியாளரின் குரலும் ஒருவரின் பேச்சுத் துண்டும் சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு நிமிடம். பலரின் குரலும் இடத்தின் ஒலியும் கலந்த முழுத் தொகுப்பு நான்கு நிமிடத்தை ஒட்டி அமையும். நீதிமன்ற ஆவணமோ வரவுசெலவு அறிக்கையோ மட்டுமே கையில் இருக்கிறது, பேசுவதற்கு யாரும் கிடைக்கவில்லை என்றால், வலிந்து ஒரு தொகுப்பைக் கட்டாமல், தொகுப்பாளர் உங்களைக் கேள்வி கேட்கும் உரையாடலாக அதை மாற்றுங்கள். செய்தியறைகளில் இந்த வடிவத்தை இரண்டாந்தரமாக நினைக்கிறார்கள். சிக்கலான ஆவணத்தை விளக்குவதற்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் வானொலியில் இல்லை என்றே நான் நினைக்கிறேன்.

களத்தில் ஒலி சேகரித்தல்

பேட்டி தொடங்கியதும் எதிரில் இருப்பவரின் பெயரையும் பொறுப்பையும் அவர் வாயாலேயே சொல்லச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். ஒலியளவைச் சரிபார்க்கவும் இது உதவும். மறுநாள் காலை தொகுப்பாளர் அந்தப் பெயரை எப்படி உச்சரிப்பது என்று தடுமாறும்போது கைகொடுப்பதும் இதுதான். மைக்கை ஒரு சாண் தூரத்தில், வாய்க்கு நேராக இல்லாமல் சற்றே பக்கவாட்டில் பிடித்தால் 'ப' ஒலியில் காற்று அடிக்காது. மைக்கை அவர் கையில் கொடுக்காதீர்கள். கொடுத்தால் தூரமும் போகும், பேட்டியின் கட்டுப்பாடும் போகும். ஹெட்போன் அணியாமல் பதிவு செய்யவே கூடாது. குளிர்பதனப் பெட்டியின் முனகலை நம் காது மறந்துவிடும், மைக் மறக்காது. அவர் பேசும்போது 'ம்', 'ஆமாம்' என்று நீங்கள் குரல் கொடுத்தால் அந்த இடத்தில் வெட்ட முடியாது என்பதால் தலையசைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பதிவுக் கருவியில் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அமைப்பை வைத்து, உச்ச அளவு −12 டெசிபலை ஒட்டி நிற்குமாறு பார்த்துக்கொண்டால், எதிர்பாராமல் யாராவது உரக்கச் சிரித்தாலும் பதிவு உடையாது. கிளம்பும் முன் யாரும் பேசாமல் அந்த அறையின் ஒலியை மட்டும் ஒரு நிமிடம் பதிவு செய்துகொள்ளுங்கள். வெட்டி ஒட்டும்போது இரு துண்டுகளுக்கு நடுவே விழும் பள்ளத்தை நிரப்ப அது தேவைப்படும். அங்கிருப்பவர்கள் வினோதமாகப் பார்ப்பார்கள். காரணத்தை முன்கூட்டியே சொல்லிவிட்டால் தீர்ந்தது.

காதுக்கு எழுதுதல்

செய்தித்தாள் வாசகர் புரியாத வரியை மறுபடி படிக்கலாம். நேயருக்கு அந்த வசதி இல்லை. தமிழில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையானது, ஏனென்றால் வினைமுற்று கடைசியில் வருவதால், அதற்கு முன்னால் அடுக்கப்படும் எச்சங்களையெல்லாம் நேயர் மனத்தில் சுமந்துகொண்டே காத்திருக்க வேண்டியிருக்கிறது. கற்பனையாக ஒரு நகரமன்றச் செய்தியை எடுத்துக்கொள்வோம். அச்சில் அது இப்படி இருக்கலாம்:

"பொதுமக்களின் எதிர்ப்பால் மூன்று மாதங்களாக ஒத்திவைக்கப்பட்டு வந்த, 40 ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழைய குழாய்களை மாற்றும் திட்டத்துக்கு நிதி திரட்டுவதற்காகக் குடிநீர்க் கட்டணத்தை 11.7 சதவீதம் உயர்த்தும் தீர்மானத்தை நகரமன்றம் செவ்வாய்க்கிழமை இரவு 4-க்கு 5 என்ற வாக்குக் கணக்கில் நிறைவேற்றியது."

இலக்கணப் பிழை எதுவும் இதில் இல்லை. ஆனால் 'நிறைவேற்றியது' என்ற சொல் வந்து சேரும்போது, எதை நிறைவேற்றினார்கள் என்பது நேயருக்கு மறந்திருக்கும். வானொலிக்கு இதை உடைக்க வேண்டும்: "குடிநீர்க் கட்டணம் உயர்கிறது. நகரமன்றம் நேற்று இரவு, ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில், இதை முடிவு செய்தது. உயர்வு ஏறக்குறைய 12 சதவீதம். இந்தப் பணம் பழைய குழாய்களை மாற்றுவதற்கு. அவை 40 ஆண்டுகளைத் தாண்டியவை." 11.7 என்ற எண் இணையதளத்தில் வரும் எழுத்து வடிவில் இருக்கட்டும். ஒரு வாக்கியத்துக்கு ஓர் எண் போதும்.

யார் சொன்னது என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். '...என்று காவல்துறை கூறியது' எனத் தமிழில் இயல்பாகக் கடைசியில் வரும் அந்தப் பகுதி, காதுக்குப் பெரும் ஆபத்து: நீளமான குற்றச்சாட்டு ஒன்றை நிலையமே சொல்வதாக நேயர் நம்பிய பிறகுதான் அது வந்து சேர்கிறது. 'காவல்துறை சொல்வது இது' என்று தொடங்கினால், அதன்பின் வருவது யாருடைய கூற்று என்பதில் குழப்பம் இருக்காது.

நேரத்தைக் கணக்கிடும்போது சொற்களை எண்ணாதீர்கள். ஆங்கிலத்துக்கு நிமிடத்துக்கு 150 அல்லது 160 சொல் என்று சொல்லப்படும் கணக்கு, ஒட்டுகள் சேர்ந்து சொற்கள் நீளும் தமிழுக்குப் பொருந்தாது. உரக்கப் படித்து, கடிகாரத்தைப் பாருங்கள்.

முன்னுரை

முன்னுரையைத் தொகுப்பின் சுருக்கமாக எழுதுவதுதான் அதிகம் காணப்படும் தவறு. தொகுப்பாளர், "குடிநீர்க் கட்டணத்தை உயர்த்த நகரமன்றம் முடிவு செய்துள்ளது" என்று படிக்க, உடனே செய்தியாளரின் குரல், "குடிநீர்க் கட்டணத்தை உயர்த்தும் முடிவை நகரமன்றம் நேற்று எடுத்தது" என்று தொடங்கும். கேட்பவருக்கு ஒரே செய்தியை இருவர் மாற்றி மாற்றிச் சொல்வதுபோல இருக்கும்.

முடிவு, அளவு, யாரைப் பாதிக்கும் ஆகியவற்றை முன்னுரையில் சொல்லி முடித்துவிடுங்கள். தொகுப்பு அதற்கு அடுத்த படியிலிருந்து தொடங்கட்டும். அதே எடுத்துக்காட்டில் தொகுப்பாளருக்கு இப்படி எழுதலாம்: "அடுத்த மாதத்திலிருந்து உங்கள் குடிநீர்க் கட்டணம் ஏறக்குறைய 12 சதவீதம் கூடுகிறது. நேற்று இரவு நகரமன்றத்தில் இது ஒரே வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறியது. எதிர்த்து வாக்களித்தவர்களும் குழாய்கள் பழுதாகிவிட்டன என்பதை ஒப்புக்கொள்கிறார்கள். செலவை யார் ஏற்பது என்பதில்தான் தகராறு." இதன் பின் தெருவில் தண்ணீர் பீறிடும் ஒலி இரண்டு விநாடி கேட்க, செய்தியாளர் தொடங்குகிறார்: "இந்தத் தெருவில் குழாய் உடைவது இந்த ஆண்டில் மூன்றாவது முறை." ஒரு தகவல்கூடத் திரும்ப வரவில்லை, நேயர் கூட்ட அறையிலிருந்து தெருவுக்கு வந்துவிட்டார்.

முன்னுரைக்கு இன்னொரு பயனும் உண்டு. அது நேரலையில் படிக்கப்படுவதால் கடைசி நிமிடம் வரை மாற்றலாம். பதிவு செய்த தொகுப்பை அப்படி மாற்ற முடியாது. எனவே உயிரிழந்தோர் எண்ணிக்கை, வாக்கு நிலவரம், கைதானவர் நிலை, 'இன்று', 'நேற்று' போன்ற மாறக்கூடிய விவரங்கள் எல்லாவற்றையும் முன்னுரையில் வையுங்கள். மாறாதவை மட்டும் தொகுப்புக்குள் இருக்கட்டும். காலை ஐந்து மணிக்கு நிலவரம் மாறினால், உங்களை எழுப்பாமலேயே தொகுப்பாளர் அதைச் சரிசெய்ய முடியும்.

எழுதி முடித்த பிறகு ஆசிரியருக்கு ஸ்கிரிப்டை அனுப்பிவிட்டு விலகிவிடாதீர்கள். முன்னுரையிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் அவருக்கு உரக்கப் படித்து, பேச்சுத் துண்டுகளை அந்தந்த இடத்தில் ஒலிக்கவிடுங்கள். நல்ல ஆசிரியர் அப்போது தாளைப் பார்க்க மாட்டார். கேட்டுக்கொண்டே, எங்கே கவனம் சிதறியது என்று குறித்துக்கொள்வார். குறிப்பாக, பேச்சுத் துண்டில் வரப்போவதை நீங்களே முந்திக்கொண்டு சொல்லும் இடங்கள் இப்படிப் படிக்கும்போதுதான் பிடிபடும்.

தொகுப்பாளரின் மேசையில்

முதல் தடவையாக மைக்குக்கு முன்னால் எதையும் படிக்கக் கூடாது என்பது தொகுப்பாளருக்கு அடிப்படை விதி. முன்னுரையை முன்கூட்டியே வாய்விட்டுப் படித்து, மூச்சு வாங்கும் இடங்களில் கோடிட்டு, தன் பேச்சுக்கு ஒத்துவராத சொற்களை மாற்றிக்கொள்ளலாம். பொருளை மாற்றுவதானால் செய்தியாளரைக் கேட்டே ஆக வேண்டும்.

அடுத்தது கடிகாரம். தேசிய நிகழ்ச்சி ஒரு குறிப்பிட்ட விநாடியில் வந்து சேரும், யாருக்காகவும் காத்திருக்காது. ஆகவே தொகுப்பாளர் பின்னிருந்து கணக்கிடுகிறார். சரியாக 9:00:00 மணிக்குத் தேசிய நிகழ்ச்சியில் சேர வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிலைய அறிவிப்புக்கு 5 விநாடி, தொகுப்பு முடிந்ததும் தொகுப்பாளர் சொல்லும் ஒரு வரிக்கும் வானிலைக்கும் 40 விநாடி, தொகுப்பு 3 நிமிடம் 50 விநாடி, முன்னுரை 25 விநாடி. கூட்டினால் சரியாக 5 நிமிடம். 8:55:00-க்கு அவர் வாயைத் திறந்தாக வேண்டும். தாமதமானால் வானிலையைச் சுருக்கலாம்; தொகுப்பைச் சுருக்க முடியாது. நீட்டவும் குறைக்கவும் கூடிய பகுதியைக் கடைசியில் வைப்பதன் காரணம் இதுதான். தொகுப்பின் நீளத்தையும் அதன் கடைசிச் சொற்களையும் ஸ்கிரிப்டில் பிழையில்லாமல் எழுதித் தருவது செய்தியாளரின் கடமை. 'ஏறக்குறைய நான்கு நிமிடம்' என்று எழுதித் தருபவரைத் தொகுப்பாளர்கள் எளிதில் மறப்பதில்லை.

மணி திரும்பும் நேரத்தில் நிலைய அறிவிப்பு வருவது வழக்கத்தால் மட்டுமன்று. நிலையத்தின் அழைப்பெழுத்துகளையும் (அதை அடையாளம் காட்டும் எழுத்துகள்), அதைத் தொடர்ந்து உரிமம் வழங்கப்பட்ட ஊரின் பெயரையும் மணிக்கு ஒருமுறை, இயன்றவரை மணி திரும்பும் நேரத்தை ஒட்டிச் சொல்ல வேண்டும் என்பது அமெரிக்கக் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையத்தின் விதி.

உரையாடல் வடிவில் செய்தியாளர் சில கேள்விகளை எழுதித் தருவார். ஆனால் பதில்களை எழுதிவைத்துப் படிக்கக் கூடாது. படித்தால் கேட்பவருக்கு முதல் வாக்கியத்திலேயே தெரிந்துவிடும். தொகுப்பாளர் பதிலை உண்மையிலேயே கவனித்து, புரியாததைத் திருப்பிக் கேட்க வேண்டும். நடப்புச் செய்தி வெடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் இதன் அருமை தெரியும்: உறுதியானது எது, யார் சொன்னது, இன்னும் உறுதியாகாதது எது என்று மூன்றையும் பிரித்துச் சொல்லவைக்கும் கேள்விகளே அப்போது தேவை, ஊகத்தைக் கேட்டு வாங்கும் கேள்விகள் அல்ல.

பணத்துக்கும் செய்திக்கும் நடுவே

பொது வானொலியின் தொகுப்பாளர் செய்தியும் படிப்பார், நன்கொடை திரட்டும் வாரத்தில் நேயர்களிடம் பணமும் கேட்பார். 2025 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றம், நிலையங்களுக்கு அரசு நிதியைப் பகிர்ந்தளித்துவந்த பொது ஒலிபரப்புக் கழகத்துக்கு இரண்டு நிதியாண்டுகளுக்கு ஒதுக்கியிருந்த சுமார் 110 கோடி டாலரைத் திரும்பப் பெற்ற பிறகு, இந்த வேண்டுகோள்களின் அழுத்தம் கூடியிருக்கிறது. நேயர்களைப் பொதுவாக வேண்டிக்கொள்வதில் தவறில்லை. ஆனால் குறிப்பிட்ட ஒரு கொடையாளரிடம் பணம் கேட்கப் போகும் குழுவில் செய்தியாளர் இருக்கக் கூடாது. எந்தச் செய்தி வரவேண்டும் என்று கேட்கும் உரிமை கொடையாளருக்கும் கிடையாது. ஆதரவு நிறுவனங்களின் பெயரைப் படிக்கும் வரிகளில் விலை, ஒப்பீடு, 'வாங்குங்கள்' என்ற அழைப்பு ஆகியவற்றுக்கு விதிப்படி இடமில்லை என்பதால், அவற்றையும் தொகுப்பாளர் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

பல நிலையங்களின் உரிமம் ஒரு பல்கலைக்கழகத்திடம் இருக்கிறது. அந்தப் பல்கலைக்கழகத்தைப் பற்றிய செய்தி வரும்போது, உரிமம் அதனிடம் இருப்பதை ஒரே வாக்கியத்தில் நேயருக்குச் சொல்லிவிடுங்கள். அந்த வாக்கியமும் முன்னுரையிலோ தொகுப்புக்குப் பின்னான வரியிலோ தொகுப்பாளர் வாயிலிருந்து வருவதே முறை. நிலைய நிர்வாகத்தைப் பற்றிய செய்தியானால், ஒலிபரப்பாகும் முன் அந்த நிர்வாகிகள் யாரும் ஸ்கிரிப்டைப் பார்க்கக் கூடாது என்பதை எழுத்துமூலமான விதியாக முன்கூட்டியே வைத்திருங்கள். சிக்கல் வந்த அன்று பேசி முடிவெடுக்க நேரம் இருக்காது.

ஒலிபரப்பான செய்தியில் பிழை இருந்தால், அதே நிகழ்ச்சியின் அடுத்த மணியில், பிழையான தகவலைத் திரும்பச் சொல்லி வலுப்படுத்தாமல், சரியானதை முதலில் சொல்லித் திருத்துங்கள். தொகுப்பு மீண்டும் ஒலிக்க இருந்தால் பழைய கோப்பைக் கணினியிலிருந்து எடுத்துவிட்டு, திருத்திய கோப்பை அதே இடத்தில் வைத்து, மாலைத் தொகுப்பாளருக்கு ஒரு குறிப்பும் எழுதிவையுங்கள். அவர் காலையில் வானொலி கேட்டிருக்க மாட்டார்.