காருக்கு வேறு கியர் நாப் வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

மதுரையில் காலை ஒன்பது மணிக்குக் காளவாசலிலிருந்து சிம்மக்கல் வழியாகக் கோரிப்பாளையம் வரை கார் ஓட்டிச் செல்பவரின் இடது கை, முதல் கியருக்கும் இரண்டாம் கியருக்கும் இடையே எத்தனை முறை போய் வருகிறது என்பதை எண்ணிப் பார்த்தால், கியர் நாப், அதாவது கியர் ராடின் தலையில் இருக்கும் கைப்பிடிக் குமிழ், வெறும் அலங்காரப் பொருள் அல்ல என்பது விளங்கும். ஆயினும் பெரும்பாலோர் அதைக் கடைக் கண்ணாடிப் பெட்டியில் மினுங்குவதைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். நானும் அப்படித்தான் ஒரு சித்திரை மாதத்தில், வழவழவென்று மெருகேற்றிய எஃகுக் குண்டு ஒன்றை, எல்லாக் கார்களுக்கும் பொருந்தும் என்று விற்றவர் சொன்ன சொல்லை நம்பி வாங்கினேன். அதில் நான் செய்த பிழைகள் மூன்று. அவற்றையே வரிசையாக வைத்து எழுதினால் புதிதாக வாங்குபவருக்குப் பயன்படும் என்று எண்ணுகிறேன்.

அதற்கு முன், உங்கள் காரில் நாபை மாற்ற முடியுமா என்பதையே முதலில் பார்த்துவிட வேண்டும். ரிவர்ஸ் கியர் எப்படி விழுகிறது என்பதைக் கவனியுங்கள். ராடை வெறுமனே ஓரமாகத் தள்ளி முன்னாலோ பின்னாலோ போட்டால் ரிவர்ஸ் விழுகிறது என்றால் பெரும்பாலும் சிக்கல் இல்லை. ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா கார்களில் ராடையே கீழே அழுத்தித் தள்ள வேண்டும். அவற்றில் நாபும் கீழே உள்ள தோல் உறையும் ஒன்றோடொன்று இணைந்திருப்பதும், நாப் மரையால் அல்லாமல் பிடிப்பு வளையத்தால் நிற்பதும் வழக்கமாகையால், சாதாரண மரை நாப் அங்கே உட்காராது. ரெனோ டஸ்டர் போன்ற கார்களில் நாபுக்குக் கீழே உள்ள வளையத்தைத் தூக்கினால்தான் ரிவர்ஸ் விழும். அந்த வளையம் எங்கோ ஒரு கம்பியையோ பூட்டையோ இழுப்பதால், புது நாபின் அடிப்பகுதி அதை அமுக்கி நிறுத்திவிட்டால் ரிவர்ஸே விழாமல் போகலாம். அதைவிட மோசமாக, வளையம் தூக்கிய நிலையிலேயே மாட்டிக்கொண்டால், ரிவர்ஸ் தவறி விழுவதைத் தடுக்க வைத்த பூட்டே இல்லாமல் போய்விடும். வளையம் உள்ள காருக்கு, அந்த வளையம் தாராளமாக மேலே எழும்ப இடம் விடும் நாபையோ, அந்த மாடலுக்கென்றே செய்ததையோ மட்டுமே வாங்க வேண்டும். அப்படி ஒன்று கிடைக்கவில்லை என்றால், கம்பெனி நாபையே வைத்துக்கொள்வதுதான் சரி.

இனி என் முதல் பிழை. அது மரை. கியர் ராடின் தலையில் இருக்கும் மரைக்கு இரண்டு அளவுகள் உண்டு. ஒன்று ராடின் குறுக்களவு, மற்றொன்று ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள இடைவெளி. பத்து மி.மீ. ராடில் 1.25 மி.மீ. இடைவெளியும் உண்டு, 1.5 மி.மீ. இடைவெளியும் உண்டு, கண்ணுக்கு இரண்டும் ஒன்று போலவே தெரியும். ஹோண்டா கார்களில் பெரும்பாலும் 10×1.5 வருகிறது. நிசான், மிட்சுபிஷி, மஸ்டா கார்களில் 10×1.25 பரவலாக உண்டு. டொயோட்டாவில் 12×1.25 அதிகம். ஆனால் ஒரே கம்பெனியிலும் மாடலுக்கு மாடல், ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் இந்தப் பட்டியலை நம்பிப் பணம் கட்டக் கூடாது, அளந்துதான் பார்க்க வேண்டும். நான் வாங்கிய குண்டு 1.5, என் காரின் ராடு 1.25. இரண்டு சுற்று விரலாலேயே இறங்கியது, மூன்றாவது சுற்றில் இறுகியது. புதுப் பொருள், அப்படித்தான் இருக்கும் என்று எண்ணித் துணியைச் சுற்றிக் குறடால் பிடித்து இன்னும் ஒரு சுற்று சுற்றினேன். அந்த ஒரு சுற்றிலேயே ராடின் மேல் மரைகள் சிதைந்துவிட்டன. அதன் பிறகு பழைய நாபும் ஏறவில்லை. கே.புதூர் தொழிற்பேட்டைப் பக்கம் உள்ள லேத் பட்டறைக்காரர் ஒருவர் காருக்கே வந்து, கியர் உறையின் மேல் பழைய வேட்டித் துணியை விரித்து, ராடின் தலையில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, மரை வெட்டும் கருவியான டையை வைத்துக் கால் சுற்று முன்னே, அரைக்கால் சுற்று பின்னே என்று பொறுமையாகச் சுற்றினார். உமி போலச் சுருண்ட இரும்புத் துகள்கள் துணியில் உதிர்ந்துகொண்டே இருந்தன. “தம்பி, மரை விரலால ஏறணும். விரலுக்கு ஏறலைன்னா அது வேற மரை” என்றார்.

அந்த ஒரு வார்த்தையைக் கொண்டே வீட்டில் அளந்து பார்த்துக்கொள்ளலாம். பழைய நாபைக் கழற்றியபின், மரையின் மேல் ஸ்கேலை வைத்து 15 மி.மீ. தூரத்தில் எத்தனை மரை முகடுகள் வருகின்றன என்று எண்ணுங்கள். 12 இருந்தால் இடைவெளி 1.25, 10 இருந்தால் 1.5. கண் கூசுகிறது, எண்ண வரவில்லை என்பவர்களுக்கு இதைவிட எளிய வழி ஒன்று உண்டு. இரும்புக் கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 10 மி.மீ. நட்டின் மரை 1.5 ஆகவும், 8 மி.மீ. நட்டின் மரை 1.25 ஆகவும் இருக்கும். நுண்மரை போட்ட 10×1.25 நட்டை வெளி வீதிகளில் உள்ள வாகன உதிரிபாகக் கடைகளில் கேட்டு வாங்கலாம். மாருதி சுசுகி காரின் வீல் நட் 12×1.25 ஆகையால், யாரிடமாவது ஒன்றை இரவல் வாங்கினால் அதுவே நான்காவது அளவுகோல் ஆகிவிடும். எந்த நட் அழுத்தமில்லாமல், ஆட்டமும் இல்லாமல், விரலாலேயே கடைசி வரை இறங்குகிறதோ அதுதான் உங்கள் அளவு. மரை ராடின் மேல் எவ்வளவு நீளம் இருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பத்து மி.மீ. ராடு, நாபுக்குள் குறைந்தது 10 முதல் 15 மி.மீ. வரையாவது உள்ளே போக வேண்டும்.

எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று சொல்லி விற்கப்படும் நாப்களில், மரைக்குப் பதிலாக ரப்பர்க் குழலும் பக்கவாட்டில் மூன்று சிறு திருகுகளும் இருக்கும். மரையே இல்லாத ராடுக்கு வேறு வழியில்லை என்றால் அதைப் பயன்படுத்தலாம். மரை உள்ள ராடில் அதைப் பொருத்துவதை நான் விரும்புவதில்லை. திருகுகள் மரையைக் கொத்தும், மூன்றில் ஒன்று தளர்ந்தாலும் நாப் கையோடு வரும். மேம்பாலத்தில் ஏறும்போது இரண்டாம் கியருக்கு இழுத்த கையில் நாப் தனியாக வருவது எவ்வளவு ஆபத்து என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இரண்டாவது பிழை வெயில். மதுரையில் நாப் வாங்குபவர் மற்ற எதையும்விட இதைத்தான் அதிகம் யோசிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. குளிர்நாட்டுக்காரர்கள் எழுதிய பரிந்துரைகள் இங்கே செல்லாது. வெளியே 40 டிகிரி காயும் நாளில், நிழலில்லாத இடத்தில் நிறுத்திய காருக்குள் காற்றே 50 டிகிரியைத் தாண்டிவிடும். முன் கண்ணாடி வழியே நேர் வெயில் படும் பொருள்களின் சூடு அதற்கும் மேல். மாட்டுத்தாவணியில் ஒருவரை வழியனுப்பிவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து வந்து, அந்த எஃகுக் குண்டின் மேல் கை வைத்த கணத்தில் உள்ளங்கை தோசைக்கல்லைத் தொட்டது போலச் சுட்டது. கைக்குட்டையைப் போட்டுப் பிடித்துத்தான் வீடு வந்து சேர்ந்தேன். மரமும் உலோகமும் ஒரே சூட்டில் இருந்தாலும், உலோகம் தன் சூட்டைக் கைக்கு வேகமாகக் கடத்துவதால்தான் அது அதிகம் சுடுகிறது. இந்த வகையில் அலுமினியம் எஃகைவிடவும் மோசம், அது சூட்டைப் பல மடங்கு வேகமாகக் கடத்தும். மரமும், டெல்ரின் என்ற பெயரில் விற்கும் கெட்டிப் பிளாஸ்டிக்கும் மிக மெதுவாகக் கடத்துவதால் கை தாங்கும்.

ஆகவே வெயிலில் நிற்கும் காருக்கு என் தேர்வு டெல்ரின், அல்லது மரம். மரம் என்றால் நன்கு காய்ந்த தேக்கு போதும். கடைசல் பட்டறையில் சொன்னால் உங்கள் கைக்கு ஏற்ற வடிவத்திலேயே கடைந்து தருவார்கள். ஒரு நிபந்தனை உண்டு. மரத்திலேயே நேரடியாக மரை வெட்டக் கூடாது, சில மாதங்களில் அது தேய்ந்து ஆடத் தொடங்கும். பித்தளைக் குழல் ஒன்றில் லேத்தில் உள்மரை போட்டு, அதை மரத்துக்குள் இறுக்கமாக இறக்கி, எபாக்சி பசையால் ஒட்ட வேண்டும். முழுப் பித்தளை நாப் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் வியர்வை பட்டுப் பட்டுக் கறுத்துவிடும், கையிலும் அந்த உலோக வாடை தங்கும். தோல் சுற்றிய நாப் சூட்டுக்கு நல்லதுதான், உண்மையான தோலாகவும் தையல் உள்ளங்கையில் உறுத்தாத பக்கத்திலும் இருந்தால். ரெக்சின் சுற்றியது இரண்டு கோடைக்குள் பிசுபிசுத்து உரிந்துவிடும். உள்ளே பூவும் குமிழியும் தெரியும் கண்ணாடி போன்ற உருண்டைகளை மட்டும் தயவு செய்து வாங்காதீர்கள். ஒளி ஊடுருவும் உருண்டை பூதக்கண்ணாடியைப் போல வெயிலை ஒரு புள்ளியில் குவிக்கும், அந்தப் புள்ளி பக்கத்தில் இருக்கும் துணியின் மேல் விழுந்தால் அது கருகக்கூடும்.

மூன்றாவது எடை. 50 மி.மீ. குறுக்களவுள்ள ஓர் உருண்டையை எஃகில் செய்தால் ஏறத்தாழ அரைக் கிலோ இருக்கும். அதையே அலுமினியத்தில் செய்தால் 170 கிராம், அதாவது ஒரு கிரிக்கெட் பந்தை விடச் சற்றுக் கூடுதல். டெல்ரினில் 90 கிராம், தேக்கில் பித்தளைக் குழலோடு சேர்த்தும் 60 கிராமுக்குள் அடங்கிவிடும். கனமான நாபுக்கு ஒரு நன்மை உண்டு. கை தொடங்கிவைத்த வேகத்தை அதன் எடையே கொண்டுபோய் கியர்களின் வேகத்தை ஒத்துப்போகச் செய்யும் சின்க்ரோவைத் தாண்டிக் கியரை உட்கார வைப்பதால், மாற்றம் வழுக்கிக்கொண்டு போவது போலத் தோன்றும், டீசல் எஞ்சினின் அதிர்வும் கையில் குறைவாகத் தெரியும். லேசான நாபில் ஒவ்வொரு படியும் கையில் தெளிவாகத் தெரியும், அதைச் சிலர் விரும்புவார்கள். ஆனால் அரைக் கிலோ என்பது தினசரி காருக்கு மிகை. பழைய கியர் பாக்ஸில் கியரைப் பிடித்து நிறுத்தும் ஸ்பிரிங்குகள் தளர்ந்திருந்தால், குண்டுகுழியில் ராடின் தலையில் ஆடும் அந்தக் கனம் கியரை நழுவ விடக்கூடும். வத்தலக்குண்டு தாண்டிக் கொடைக்கானல் மலையில் இறங்கும்போது, இரண்டாம் கியரின் பிடியை நம்பித்தான் பிரேக்கைக் காப்பாற்றுகிறோம், அங்கே அந்தச் சந்தேகமே இருக்கக் கூடாது. எடை வேண்டும் என்பவர்கள் 150 முதல் 250 கிராமுக்குள் நிறுத்திக்கொண்டால் போதும். கியர் விழக் கடினமாக இருக்கிறது என்பதற்காகக் கனமான நாப் தேடுபவர்கள், முதலில் கிளட்சையும் கியர் ஆயிலையும் மெக்கானிக்கிடம் காட்டிவிட வேண்டும், நாப் அந்த நோய்க்கு மருந்து அல்ல.

உயரத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ராடு திரும்பும் அச்சிலிருந்து கை வரை 300 மி.மீ. இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், 30 மி.மீ. உயரமான நாப் கையின் வீச்சைப் பத்து சதவீதம் கூட்டும், தள்ளும் பலத்தை ஏறக்குறைய அதே அளவு குறைக்கும். தாழ்வான நாபில் வீச்சு குறையும், பலம் கூடும். நீண்ட வரிசைகளில் ஊர்ந்து போகும் ஊர்க் காருக்குக் கம்பெனி உயரத்தை ஒட்டியே இருப்பது தோளுக்கு நல்லது. முதல், மூன்றாம், ஐந்தாம் கியர்களில் நாப் முன்னே போகும்போது ஏசி திருகுகளில் விரல் இடிக்கிறதா, பின் கியர்களில் தூக்கிய ஹேண்ட் பிரேக்கில் முட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வடிவத்தில் பெரிய சூத்திரம் இல்லை. உள்ளங்கையை மேலே வைத்துத் தள்ளுபவருக்கு உருண்டை, பக்கவாட்டில் பிடித்து இழுப்பவருக்குப் பேரிக்காய் வடிவம். வீட்டில் இன்னொருவரும் ஓட்டுவார் என்றால் அவரையும் கடைக்கு அழைத்துச் சென்று பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். மேலே கியர் வரைபடம் பொறித்ததையே வாங்குங்கள். திருவிழாக் கூட்டத்தில் வண்டியை எடுத்து வைக்க வேறொருவரிடம் சாவியைக் கொடுக்க நேரும்போது, ரிவர்ஸ் எந்தப் பக்கம் என்று அவர் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

பொருத்துவது அரை மணி நேர வேலை. சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, ஹேண்ட் பிரேக்கைத் தூக்கி, சக்கரத்துக்கு ஒரு கல் வைத்துவிட்டு நியூட்ரலில் தொடங்குங்கள். தோல் உறையை மேலே சுருட்டி, ராடை ஒரு கையால் துணியோடு இறுகப் பிடித்துக்கொண்டு, நாபை இடப்பக்கமாகச் சுற்றிக் கழற்ற வேண்டும். ராடைப் பிடிக்காமல் முறுக்கினால் அந்த முறுக்கு கீழே உள்ள இணைப்புகளுக்குப் போகும். மேலே இழுத்துக் கழற்றும் வகை என்றால் முகத்தை விலக்கி வைத்துக்கொள்ளுங்கள், அது திடீரென்று விடும். புது நாபைச் சுற்றும்போது வரைபடம் கோணலாக நின்றுவிட்டால், அதை நேராக்க அளவுக்கு மீறி முறுக்கக் கூடாது. கீழே அதே மரையுள்ள லாக் நட் ஒன்றைப் போட்டு, நாபை நேராகப் பிடித்துக்கொண்டு நட்டை மேல்நோக்கி இறுக்க வேண்டும். உலோக மரையில் நீல நிற மரைப்பசை ஒரு சொட்டு போதும். பிளாஸ்டிக் நாப்களில் அந்தப் பசை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சில வகைப் பிளாஸ்டிக்குகளை அது விரிசல் விடச் செய்யும். அங்கே குழாய் வேலைக்காரர்கள் சுற்றும் டெஃப்லான் டேப் இரண்டு சுற்று நல்லது.

பிறகு எஞ்சினை ஓட்டாமல், கிளட்சை மிதித்து ஒவ்வொரு கியராகப் போட்டுப் பாருங்கள். சாவியைத் திருப்பி ரிவர்ஸில் பின்விளக்கு எரிகிறதா என்று ஒருவரைப் பின்னால் நிற்கவைத்துக் கேளுங்கள். முதல் வாரம் தினமும் ஒரு முறை நாபை விரலால் திருகிப் பாருங்கள், அசைந்தால் லாக் நட்டை மறுபடி இறுக்குங்கள். கழற்றிய பழைய நாபையும் அதன் வளையத்தையும் ஒரு பையில் போட்டு டிக்கியில் ஸ்டெப்னிக்குப் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள்.