அரசு அறிவிப்புக்குக் கருத்து அனுப்புமுன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் ஓர் ஊர் வழியாக எரிவாயுக் குழாய் பதிக்கப் போகிறார்கள், அல்லது மூடிய ஆலை விட்டுப்போன நச்சு மண்ணை அகற்றப் போகிறார்கள் என்றால், அதையொட்டிய அறிவிப்புகள் ஃபெடரல் ரிஜிஸ்டர் என்ற அரசிதழில் வரும். பலர் அதைப் பார்த்ததும் கோபமாக ஒரு கடிதம் எழுதிப் போட்டுவிட்டு, வேலை முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். யாருக்கு, எதற்குள், எந்த வடிவில் என்று பார்க்காமல் அனுப்புவதால்தான் நியாயமான எதிர்ப்புகூட வீணாகப் போகிறது.

மத்திய எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம், அதாவது ஃபெர்க், வெளியிடும் அறிவிப்பில் கருத்து சொல்வது வேறு, வழக்கில் ஒரு தரப்பாகச் சேர்வது வேறு. எதிர்ப்புக் கடிதம் அனுப்பினால் பரிசீலிப்பார்கள், ஆனால் அதனால் மட்டும் நீங்கள் தரப்பினர் ஆகிவிட மாட்டீர்கள். இது அறிவிப்பிலேயே இருக்கும், நடுப்பத்தியில் கிடப்பதால் கண்ணில் படுவதில்லை. தரப்பினராகச் சேர, 'இன்டர்வீன்' செய்வதாகத் தனியாக மனு போட வேண்டும். ஆணையம் குழாய்க்கு அனுமதி கொடுத்துவிட்டது என்று வையுங்கள், 30 நாளுக்குள் மறுவிசாரணை கேட்கும் உரிமை தரப்பினருக்குத்தான் உண்டு, அதைக் கேட்காமல் நீதிமன்றத்துக்கும் போக முடியாது. தன் நிலத்திலேயே குழாய் போகிறவர்கூட இதில் கோட்டை விடலாம் என்பதுதான் எனக்கு ஆற்றாமை. இத்தனைக்கும் அந்த மனு பெரிய ஆவணம் இல்லை. நீங்கள் யார், இந்தத் திட்டத்தால் உங்களுக்கு என்ன பாதிப்பு என்று சில பத்திகள் போதும், வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை.

டாக்கெட் எண்ணை, அதாவது அந்த வழக்குக்கு ஆணையம் கொடுத்த எண்ணை, மறக்காதீர்கள், கடிதம் உரிய கோப்பில் சேர அதுதான் வழி. அப்புறம் நேரம்: கெடு வழக்கமாகக் கிழக்கு நேரப்படி மாலை 5 மணி, கலிஃபோர்னியாவில் அப்போது மதியம் 2 தான்.

நச்சு மண் துப்புரவு விஷயத்தில் குழப்பம் வேறு மாதிரி. 1980 சூப்பர்ஃபண்ட் சட்டப்படி நடக்கும் வேலைகளில், எப்படிச் சுத்தம் செய்வது என்ற திட்ட வரைவை வழக்கமாகச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வெளியிடும். மாசுபடுத்திய நிறுவனம் நீதிமன்றம் வழியாக அரசோடு செய்துகொள்ளும் உடன்பாட்டை நீதித்துறை (நீதிமன்றம் அல்ல, அரசின் சார்பில் வழக்காடும் துறை) அறிவிக்கும். உடன்பாடு பற்றிய கருத்து நீதித்துறைக்குத்தான் போக வேண்டும், வழக்கின் பெயரும் குறிப்பு எண்ணும் போட்டு. ஆனால் மண்ணைத் தோண்டி எடுக்காமல் மேலே மூடிவிட்டுப் போகிறார்களே என்ற கேள்வியைத் திட்ட வரைவு வரும்போதே கேட்டுவிடுங்கள், உடன்பாடு வரும் நேரத்தில் அது அநேகமாக முடிவாகியிருக்கும். திட்ட வரைவுக்குக் குறைந்தது 30 நாள் உண்டு. போதாது என்றால் உரிய நேரத்தில் கேளுங்கள், இன்னும் 30 நாளாவது நீட்டிக்க வேண்டும் என்பது விதி, இதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

"நான் எதிர்க்கிறேன்" என்ற ஒற்றை வரியை நூறு பேர் அனுப்புவதைவிட, எந்தக் கிணற்று நீரைச் சோதிக்காமல் விட்டார்கள் என்று ஒருவர் பக்க எண்ணோடு எழுதுவது மேல். முக்கியமான கருத்துகளுக்கு முகமை எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும். கருத்துகள் பொதுப் பார்வைக்கு வரும் என்பதால் அதில் தொலைபேசி எண், மருத்துவ விவரம் எதையும் எழுதாதீர்கள்.