சைக்கிளுக்குப் பின் கேரியர்: பார்த்து வாங்குவதும் சரியாக மாட்டுவதும்

கேரியர் வாங்குவதற்கு முன் சைக்கிளின் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து நன்றாகப் பாருங்கள். அச்சு உட்காரும் இடத்துக்குக் கொஞ்சம் மேலே, இரண்டு பக்கமும் மரை வெட்டிய சின்ன ஓட்டை இருக்கிறதா? சீட்டுக்குக் கீழிருந்து பின்னால் இறங்கும் இரண்டு மெல்லிய குழாய்களின் மேல் பகுதியிலும் அதே மாதிரி ஒரு ஜோடி இருக்கிறதா? நான்கும் இருந்தால் பாதி வேலை முடிந்தது, சந்தையில் கிடைக்கும் பெரும்பாலான கேரியர்கள் உங்கள் சைக்கிளில் உட்காரும். பொதுவாக இவை 5 மி.மீ. போல்ட்டுக்கான ஓட்டைகள், 4 மி.மீ. ஆலன் கீ (அறுகோணச் சாவி) ஒன்று கையில் இருந்தால் போதும்.

எந்தக் கேரியரைப் பார்த்தாலும் ஒரு கேள்வியை மட்டும் விடாமல் கேளுங்கள்: மேலே வைக்கும் பாரம் எந்த வழியாக அச்சுக்கு இறங்குகிறது? நல்ல கேரியரில் பாரம் கால்கள் வழியாக நேராகக் கீழே இறங்கி, அடியில் இருக்கும் இரண்டு போல்ட்டில் உட்காரும். சீட்டுப் பக்கம் போகும் மேல் கைகள், கேரியர் முன்னும் பின்னும் சாயாமல் பிடித்துக்கொள்ளத்தான். அதனால்தான் சீட் கம்பியில் மட்டும் கவ்வி, கால் இல்லாமல் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் வகையை நான் யாருக்கும் சொல்வதில்லை. அது தாங்குவது பெரும்பாலும் 10 கிலோவுக்குள்தான், அந்த எடையிலேயே வளைவில் பக்கவாட்டில் திரும்பப் பார்க்கும். மழைக்கோட்டும் சாப்பாட்டுப் பையும் வைக்கச் சரி, அதற்கு மேல் வேண்டாம்.

கீழே ஓட்டை இல்லையென்றால், அச்சின் நட்டுக்கு அடியிலேயே காலை மாட்டுகிற கேரியரைத் தேடுங்கள். பழைய பாணி கனமான கேரியர்கள் அப்படித்தான் நிற்கின்றன, பாரமும் நேரே அச்சில் இறங்குவதால் அது நல்ல ஏற்பாடு. மேலே மட்டும் ஓட்டை இல்லையென்றால், சீட் கம்பியை இறுக்கும் வளையத்தை எடுத்துவிட்டு, மரை ஓட்டையோடு வருகிற வளையத்தைப் போட்டுக்கொள்ளலாம். உள்ளே ரப்பர் வைத்த கிளாம்பும் மேல் பக்கத்துக்குச் சரிதான். அதையே கீழே போட்டுப் பாரத்தை ஏற்றினால் மெல்ல வழுக்கி இறங்கும். கார்பன் ஃப்ரேமில் எங்கேயும் கிளாம்ப் போடாதீர்கள், அந்தக் குழாய் இப்படிக் கவ்வுவதற்காகச் செய்யப்பட்டதல்ல. பின் சஸ்பென்ஷன் உள்ள சைக்கிளில் சக்கரப் பக்கம் மேலும் கீழும் அசையும், சீட் பக்கம் அசையாது. இரண்டையும் சாதாரணக் கேரியரால் இணைத்தால் ஏதாவது ஒன்று உடையும்.

டிஸ்க் பிரேக் இருந்தால் காலிபர், அதாவது டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம், எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். சீட்டிலிருந்து இறங்கும் குழாய்க்கும் பெடல் பக்கத்திலிருந்து அச்சுக்கு வரும் கீழ்க் குழாய்க்கும் நடுவே ஒடுங்கியிருந்தால் கவலையில்லை. சீட்டிலிருந்து இறங்கும் குழாய்க்கு வெளியே துருத்திக்கொண்டிருந்தால் கேரியரின் கால் அதில் இடிக்கும். கடையில் நீளமான போல்ட்டும் தடிமனான புஷ்ஷும் (இடைவெளிக்கு வைக்கும் சின்னக் குழாய்) போட்டுக் காலை வெளியே தள்ளித் தருவார்கள். கால் வெளியே தள்ளத் தள்ள போல்ட் வளையும் விசை கூடிக்கொண்டே போகும், மேடுபள்ளத்தில் ஒருநாள் போல்ட் முறிந்துவிடும். டிஸ்க் பிரேக்குக்கென்றே கால் அகலமாகச் செய்த கேரியர் கொஞ்சம் தேடினால் கிடைக்கும், அதையே வாங்குங்கள்.

இரும்பா அலுமினியமா? அலுமினியம் எடை குறைவு, துருப்பிடிக்காது. இரும்பு விரிசல் விட்டால் வெல்டிங் வைக்கலாம். தினசரி ஓட்டத்துக்கு இரண்டுமே போதும், பொதுவாக 25 கிலோ வரை தாங்கும், அந்த அளவைக் கேரியரிலேயே பொறித்திருப்பார்கள். அது சுமைக்கான கணக்கு. குழந்தை சீட் மாட்டலாம் என்று தனியாகச் சொல்லாத கேரியரில் குழந்தையை உட்கார வைக்காதீர்கள். பக்கவாட்டில் பை தொங்கவிடப் போகிறீர்கள் என்றால், பின்பக்கமும் ஒரு கால் இறங்குகிற கேரியராக எடுங்கள். இல்லாவிட்டால் பை உள்ளே ஆடிப்போய் சக்கரக் கம்பிகளில் சிக்கும். மிதிக்கும்போது குதிகால் பையில் இடிக்கிறதா என்றும் பாருங்கள், இடித்தால் பையைப் பின்னால் நகர்த்த இடம் வேண்டும்.

சரி, மாட்டுவோம். முதலில் போல்ட்டை வெறும் கையால் ஓட்டையில் திருகிப் பாருங்கள். பெயிண்ட் அடைத்திருந்தால் சுத்தம் செய்துவிட்டுத் திருகுங்கள், பலவந்தமாக ஓட்டினால் மரை போய்விடும். போல்ட் தானாகத் தளராமலிருக்க மரையில் லாக் பசை, பிறகு கழற்றக்கூடிய நீல நிறமானது, ஒரு சொட்டு விடுங்கள். கீழே இரண்டையும் வாஷரோடு மூன்று நான்கு சுற்று மட்டும் ஏற்றி, மேல் கைகளையும் தளர்வாக மாட்டுங்கள். நான்கும் உள்ளே போன பிறகுதான் இறுக்க வேண்டும். ஒரு பக்கத்தை முதலிலேயே இறுக்கிவிட்டால் மறுபக்க ஓட்டை எதிரே வராது. தளர்வாக இருக்கும்போதே பக்கத்தில் தள்ளி நின்று பாருங்கள்: தட்டு தரைக்கு இணையாக இருக்க வேண்டும், டயருக்கும் தட்டுக்கும் நடுவே விரல் தாராளமாகப் போய்வர வேண்டும். இப்போது நான்கையும் மாற்றி மாற்றி இறுக்குங்கள். சின்ன ஆலன் கீயின் கைப்பலமே போதும், குழாய் செருகி நெம்பாதீர்கள்.

பலர் கவனிக்காமல் விடுவது செயின் பக்கத்துக் கீழ் போல்ட். அதன் நுனி உள்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தால், செயின் கடைசிச் சின்னப் பல்சக்கரத்துக்கு வரும்போது உரசும். சக்கரத்தைத் தூக்கி, அந்தக் கியரில் போட்டு, பெடலைச் சுற்றிப் பாருங்கள். உரசினால் குட்டையான போல்ட் போடுங்கள், ஆனால் மரைக்குள் 5 மி.மீ.யாவது பிடித்திருக்க வேண்டும்.

முடிந்ததும் கேரியரைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள், மொத்த சைக்கிளும் சேர்ந்து ஆடினால் சரி. முதல் சில ஓட்டங்களுக்குப் பிறகு நான்கு போல்ட்டையும் மறுபடி இறுக்கிப் பாருங்கள், அப்புறம் மாதம் ஒருமுறை. ஃப்ரேமில் சும்மா கிடக்கிற மரை ஓட்டை இருந்தால் அதில் ஒரு உதிரி போல்ட்டைத் திருகி வையுங்கள், வழியில் ஒன்று விழுந்தால் தேட வேண்டாம். பாரம் ஏற்றும்போது கனமானதை அடியிலும் முன்பக்கமும் வைத்து, இரண்டு பையிலும் எடையைச் சமமாகப் பிரியுங்கள், பின் டயரில் காற்று கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். தட்டின் மேல் எலாஸ்டிக் கயிறு கட்டினால் மிச்ச நுனியைத் தொங்கவிடாமல் சுருட்டிச் செருகிவிடுங்கள், அது கம்பிக்குள் போனால் சக்கரம் அங்கேயே பூட்டிக்கொள்ளும்.