யூடியூப் பற்றிய ஆவணப்படம் எந்தப் பக்கம் சாய்கிறது? நோட்டும் பேனாவுமாகக் கண்டுபிடிப்போம்

முதல் தடவை எதையும் குறிக்காமல் முழுப் படத்தையும் பாருங்கள். எந்த இடத்தில் கோபம் வந்தது, எங்கே பயம் வந்தது என்பது மட்டும் நினைவிருந்தால் போதும். பயிற்சிக்கு, அலெக்ஸ் வின்டர் இயக்கிய ‘தி யூடியூப் எஃபெக்ட்’ (2022) படத்தை எடுத்துக்கொள்வோம்.

படி 1: பேசுபவர்களைப் பட்டியல் போடுங்கள். பெயர், வேலை, பேசிய நேரம். அமெரிக்க அரசியலும் படத்தில் வருவதால் இடதுசாரியா வலதுசாரியா என்றும் குறியுங்கள். யூடியூபின் அப்போதைய தலைமைச் செயல் அதிகாரி சூசன் வோஜ்சிக்கியும் இதில் பேசுகிறார். சரி, குறை சொல்பவர்கள், நிறுவனம் என இரு தரப்பும் வந்தாயிற்று என்று அதோடு விட்டுவிடாதீர்கள். அவருக்கு அடுத்து யாரைப் பேச வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.

படி 2: படம் சொல்லும் ஒவ்வொரு சம்பவமும் எப்போது நடந்தது என்று தேதி போடுங்கள். எனக்குத் தெரிந்து சாய்வு அதிகம் ஒளிந்திருப்பது இங்கேதான். யூடியூப் பரிந்துரைகள் வழியே தீவிர வலதுசாரிப் பக்கம் போய், பிறகு மீண்ட ஓர் இளைஞர் படத்தில் வருகிறார். அவர் கதை 2010-களின் நடுப்பகுதியில் நடந்தது. 2019 ஜனவரியில், விதியை மீறாவிட்டாலும் மீறலுக்கு மிக அருகில் வரும் வீடியோக்களைப் பரிந்துரைப்பதைக் குறைக்கப்போவதாக யூடியூப் அறிவித்தது. 2020-ஆம் ஆண்டுத் தரவை வைத்து ‘சயின்ஸ் அட்வான்சஸ்’ இதழில் 2023-இல் வந்த ஆய்வு, தீவிரக் கருத்துச் சேனல்களைப் பார்த்தவர்களில் பலர் ஏற்கெனவே அத்தகைய சேனல்களின் சந்தாதாரர்கள் என்றது; அதாவது, பரிந்துரை புதிதாக இழுத்து வந்தவர்கள் அதிகமில்லை. அப்படியானால் அந்த இளைஞர் சொன்னது பொய்யா? இல்லை. 2019-க்கு முன்னால் நடந்ததை அந்த ஆய்வு அளக்கவே இல்லை. பழைய அனுபவத்தை இன்றைய நிலைமைபோலக் காட்டினால் அது ஒரு சாய்வு. புதிய ஆய்வைக் காட்டிப் பழையதை மறுத்தால் அதுவும் சாய்வுதான்.

படி 3: உங்களைப் பயமுறுத்திய காட்சியை ஒலி இல்லாமல் ஓட்டுங்கள். நடிகர்களை வைத்து எடுத்த பகுதியா என்றும் பாருங்கள். சமூக ஊடகங்கள் பற்றிய ‘தி சோஷியல் டிலெமா’ (2020) ஆவணப்படத்தில் ஒரு பையனை இழுக்கும் அரசியல் குழுவின் பெயர் ‘எக்ஸ்ட்ரீம் சென்டர்’, அதாவது ‘தீவிர நடுநிலை’. கற்பனைக் குழு! இடதையும் சொல்லாமல் வலதையும் சொல்லாமல் நழுவிவிட்டார்கள். கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் நிஜத்தில் யார் யாரை இழுத்தார்கள் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

படி 4: உங்களுக்குப் பிடித்த கருத்தைச் சொல்லும் படம் ஒன்றை எடுத்து, மேலே சொன்ன மூன்றையும் செய்யுங்கள். என் நோட்டில் ரொம்ப நாள் காலியாகக் கிடந்தது இந்தப் பக்கம்தான்.